சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.வுக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 15,300 கி.மீ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரத்தில் போய்ச் சேரும். இப்போது ஓடும் பயணிகள் சேவைகளில் இதுதான் மிக நீளமானவற்றுள் ஒன்று.

15,300-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது என்று கேட்கலாம். ஆனால் மேலேறவும் இறங்கவும் நேரம் பிடிக்கும். அதைவிட முக்கியம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் காற்றோட்டத்தைப் பிடிக்க, விமான நிறுவனம் பசிபிக் வழியைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அப்போது கிலோமீட்டர் கூடும், ஆனால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். அதனால் பாதை தினமும் ஒன்றாக இருக்காது.

இதற்கென்றே உள்ள ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூர வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். மொத்தம் 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் பார்க்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், நேர வித்தியாசம். குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12. குளிர்காலத்தில் நண்பகல் 12 மணிக்குக் கிளம்பினால், நியூயார்க்கில் அதே நாள் மாலை ஐந்தரைக்கு இறங்குவீர்கள். திரும்பும்போது, கடிகாரக் கணக்கில் ஒரு நாளுக்கும் மேல் கழிந்துவிடும். ஹோட்டல், அலுவலக விடுப்பு எல்லாம் அதைக் கணக்கில் வைத்தே போடுங்கள்.