பிப்ரவரி நம்பிக்கையும் உறுப்பினர் அட்டையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மெல்பர்னின் மேற்கே டார்னீட்டில் குடும்பத்தோடு வசிக்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோப்பை வென்ற ஆண்டில்தான் ஆஸ்திரேலியக் கால்பந்தை முதன்முதலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து நானும் புல்டாக்ஸ்தான். புதிய சீசன் நெருங்குவதால் எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் விவாதம் நடக்கிறது. போன்டெம்பெல்லி இருக்கும்வரை நடுக்களத்தில் குறையில்லை, ஆனால் எதிரணியின் உயரமான முன்கள வீரர்களைத் தடுக்க நம் பின்களத்தில் ஆள் இல்லை என்பது என் கட்சி. இளம் வீரர்களைக் கிளப்புகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எடுத்த பையன்கள் தேறிவிடுவார்கள் என்பது மற்றவர்களுடைய கட்சி. இந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்குப் போவோமா? ஒவ்வொரு பிப்ரவரியிலும் இப்படி நம்புவது முட்டாள்தனமா?

இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு மூன்று நான்கு ஆட்டங்களுக்குத்தான் என்னால் நேரில் போக முடிகிறது. கிளப்புக்கு உறுப்பினர் சந்தா கட்டுவது வீண், கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு நண்பர். 2017 முதல் பணம் போட்டு வருகிறேன், ஒரு கோப்பையும் திரும்பி வரவில்லை என்று பார்த்தால் அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. இதற்கிடையில், என் மகன் போட்டிக் கிளப்பான காலிங்வுட்டின் ரசிகனாகிவிட்டான்.

எஸ்., டார்னீட்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் பின்களக் கவலையை நம் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜிடம் விட்டுவிடுவோம். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துவிட்டு ஓர் அணியின் ஆண்டுப் பலனைச் சொல்லும் சோதிடத்தில் எனக்குத் தேர்ச்சியும் இல்லை, ஆசையும் இல்லை.

பிப்ரவரியில் நம்புவது முட்டாள்தனமா என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த லீக்கே அந்த நம்பிக்கை சாகாதபடி கட்டப்பட்டது. பட்டியலில் கடைசியாக முடிக்கும் கிளப்புக்கு டிராஃப்ட்டில் முதல் தேர்வு கிடைக்கிறது; பணக்காரக் கிளப் ஆனாலும் ஏழைக் கிளப் ஆனாலும் வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குப் பொதுவான உச்சவரம்பு இருக்கிறது. 2016இல் நம் அணி ஏழாம் இடத்தில் முடித்தது. அந்த இடத்திலிருந்து அதற்கு முன் யாரும் கோப்பையைத் தொட்டதில்லை. பெர்த்துக்குப் போய் வெஸ்ட் கோஸ்டை வென்று, முந்தைய மூன்று கோப்பைகளையும் தொடர்ந்து வென்றிருந்த ஹாத்தோர்னை வீழ்த்தி, சிட்னியில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியை ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தாண்டி, கடைசியில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் சிட்னி ஸ்வான்ஸை 22 புள்ளிகளில் தோற்கடித்தபோது, 1954க்குப் பிறகு 62 ஆண்டுகள் கழித்துக் கோப்பை மெல்பர்னின் மேற்குப் பகுதிக்கு வந்தது. மறு ஆண்டே இறுதிச் சுற்றுக்குக்கூட நாம் தகுதி பெறவில்லை. ஆகவே நம்புங்கள், அதற்குக் காரணம் தேட வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைச் சீண்டிய வரி வேறு. "பணம் போட்டு வருகிறேன், ஒரு கோப்பையும் திரும்பி வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் வைப்புத்தொகை போட்டவர் வட்டி எங்கே என்று கேட்பதைப் போல் இதைக் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? நீங்கள் நல்ல மனிதர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கடிந்து சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது என்னவென்று தெரியாமலேயே இத்தனை ஆண்டுகளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் அணிக்கு முதலாளி இருப்பது இயல்பாகத் தோன்றும். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சேப்பாக்கத்தில் தொண்டை கிழியக் கத்தும் ரசிகரிடம், அணியை யார் நடத்த வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் கிளப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்கு முதலாளியும் இல்லை, இலாபத்தைப் பிரித்துக்கொள்ளும் பங்குதாரர்களும் இல்லை. வாக்குரிமையுள்ள உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பெர்த்தின் இரண்டு கிளப்புகளும் மேற்கு ஆஸ்திரேலியக் கால்பந்து ஆணையத்துக்குச் சொந்தமானவை.

முதலாளி முறையையும் இந்த விளையாட்டு ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 1982இல் சவுத் மெல்பர்ன் கிளப்பைச் சிட்னிக்கு இடம் மாற்றினார்கள். 1985இல் அதை ஜெஃப்ரி எடெல்ஸ்டன் என்ற மருத்துவர் வாங்கினார். 1987இல் பிரிஸ்பன் பேர்ஸ் களம் இறங்கியபோது அதன் பின்னால் கிறிஸ்டோபர் ஸ்கேஸ் என்ற தொழிலதிபரின் பணம் இருந்தது. இரண்டும் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்கவில்லை. ஸ்கேஸ் தொழில் நொடித்து, ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போய் அங்கேயே இறந்தார். முதலாளி கப்பல் ஏறிய பிறகும் கிளப்போடு மிஞ்சி நின்றவர்கள் ஆட்டம் பார்க்க வந்த சாதாரண மக்கள்தான்.

1989இல் நான் ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அன்று ஃபுட்ஸ்க்ரே என்ற பெயரில் இருந்த நம் கிளப்பின் வெஸ்டர்ன் ஓவல் மைதானத்தைத் தாண்டித்தான் ரயில் போகும். அங்கே குளிர்காலக் காற்று ஒரு பக்கக் கோல் கம்பங்களை நோக்கியே அடிக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். உள்ளே போய் ஓர் ஆட்டமும் நான் பார்த்ததில்லை. நான்கு கம்பங்களுக்கிடையே முட்டை வடிவப் பந்தை உதைத்து, நடுவில் போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒரு புள்ளி என்பது எனக்கு அப்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. தோற்றவனுக்கு இரங்கி ஒரு புள்ளி கொடுக்கும் விளையாட்டை நான் அதுவரை கண்டதில்லை.

அந்த அக்டோபரில், ஃபுட்ஸ்க்ரே கிளப் கடனில் மூழ்கிவிட்டது, அதை ஃபிட்ஸ்ராய் கிளப்போடு இணைத்து 'ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்' என்று நடத்தப் போகிறோம் என்று லீக் அறிவித்தது. மறுநாள் மதிய இடைவேளையில், என்னோடு ஒரே வரிசையில் வேலை செய்த மாசிடோனியப் பெண்மணி கிளிப்படம் போட்ட ஆர்னட்ஸ் பிஸ்கட் தகரத்தை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வந்தார். மூடியில் ஆணியால் குத்திக் கீறிய பிளவு இருந்தது. இரண்டு டாலர் நாணயம் புழக்கத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு டாலரைவிடச் சிறியது என்பதால் அதைப் போட்டவர்களெல்லாம் இது இரண்டு டாலராக்கும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போட்டார்கள். எனக்கு இந்த ஆட்டம் தெரியாதே என்று நான் தயங்கினேன். "எங்களைக் கேட்காமல் எங்களை விற்றுவிட்டார்கள்" என்றார் அவர். ஆட்டத்தைப் பற்றி அவர் எனக்கு ஒன்றுமே விளக்கவில்லை. நான் விட்டுவந்த ஊரில் எங்களைப் பற்றிய முடிவுகள் எல்லாம் எங்களைக் கேட்காமல்தான் எடுக்கப்பட்டன. அதனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நடந்தவை பதிவில் உள்ளவை. ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ஆதரவாளர் லீக்கின் மீது விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் கோடீஸ்வரரும் அல்லர், கிளப்பின் அதிகாரியும் அல்லர். உறுப்பினர் அட்டை வைத்திருந்த ஒரு ரசிகை, அவ்வளவுதான். அஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயுற்ற தொழிலாளர்களுக்காக வாதாடிய பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் மீட்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். பணம் திரட்டச் சில வாரங்களே அவகாசம் கிடைத்தது. வெஸ்டர்ன் ஓவலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள்; வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்; தெருவில் தகரம் குலுக்கினார்கள். கேட்ட தொகை சேர்ந்தது. இணைப்புக் கைவிடப்பட்டது. 2016இல் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்துச் சிலிர்த்த அணி, 1989இல் யாரோ ஒரு பெண்மணியின் பிஸ்கட் தகரத்தில் விழுந்த சில்லறையால்தான் உயிரோடு இருந்தது. நீங்கள் போட்ட பணத்துக்குக் கோப்பை எங்கே என்கிறீர்கள். அந்தப் பெண்மணிக்கு அந்தப் பணம் திரும்பி வர 27 ஆண்டுகள் ஆயின.

ஃபிட்ஸ்ராயின் கதை இப்படி முடியவில்லை. எட்டுக் கோப்பைகள் வென்ற, லீக்கைத் தொடங்கிய கிளப்புகளில் ஒன்றான அது, கடனுக்காக நவுரு நாட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் கை நீட்டியது. நவுரு 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பசிபிக் தீவு. பாஸ்பேட் வெட்டிச் சம்பாதித்த நாடு. அங்கே தேசிய விளையாட்டே இந்த ஆட்டம்தான் என்பதால் அந்த உறவு அவ்வளவு விசித்திரமானது அல்ல. 1996இல் அந்த நிறுவனம் கடனை வசூலிக்க ஒரு நிர்வாகியை அமர்த்தியது. கிளப்பின் இயக்குநர்கள் நார்த் மெல்பர்னோடு இணையவே விரும்பினார்கள். அப்படி இணைந்தால் அந்த அணி அளவுக்கு மீறி வலுத்துவிடும் என்று மற்றக் கிளப்புகள் அஞ்சின. கடைசியில் ஃபிட்ஸ்ராய் பிரிஸ்பன் பேர்ஸோடு சேர்க்கப்பட்டு, பிரிஸ்பன் லயன்ஸ் உருவானது. உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடக்கவில்லை. அவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் ஆகஸ்ட் 25 அன்று எம்.சி.ஜி.க்கு வந்து, மெல்பர்னில் தங்கள் அணியின் கடைசி ஆட்டம் ரிச்மண்டிடம் 151 புள்ளி வித்தியாசத்தில் தோற்பதைப் பார்த்ததுதான். அடுத்த வாரம் பெர்த்தில் ஃப்ரிமாண்டிலோடு ஆடி அந்தக் கிளப்பின் லீக் வாழ்வு முடிந்தது. பிரிஸ்பன் லயன்ஸ் வென்ற கோப்பைகளை ஃபிட்ஸ்ராயின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பழைய ரசிகர்கள் உண்டு. இந்த ஆட்டத்தையே அதன் பிறகு பார்க்காதவர்களும் உண்டு. இரு சாராரோடும் பேசியிருக்கிறேன். இருவருமே அந்தக் கேட்கப்படாமையைத்தான் முதலில் சொல்வார்கள்.

அதே 1996 செப்டம்பரில் ஹாத்தோர்னையும் மெல்பர்னையும் இணைக்கும் திட்டம் இரு கிளப்புகளின் உறுப்பினர்களிடமும் வாக்குக்கு வந்தது. ஹாத்தோர்ன் கூட்டத்தில் முன்னாள் கேப்டன் டான் ஸ்காட் புதிய அணியின் சட்டையைத் தூக்கிக் காட்டி, அதன் மேல் ஒட்டியிருந்த ஹாத்தோர்னின் பருந்துச் சின்னத்தைப் பிய்த்தெடுத்தார். அடியில் மிஞ்சியது மெல்பர்னின் சட்டை மட்டுமே என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஹாத்தோர்ன் உறுப்பினர்கள் பெரும் வித்தியாசத்தில் மறுத்தார்கள். அதன் பிறகு அந்தக் கிளப் 2008, 2013, 2014, 2015 என நான்கு கோப்பைகள் வென்றது. மெல்பர்ன் உறுப்பினர்களோ சிறு பெரும்பான்மையில் இணைப்புக்குச் சம்மதித்திருந்தார்கள்! நாட்டிலேயே மிகப் பழைய கிளப்பை அதன் உறுப்பினர்களே கலைக்கத் துணிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுத்ததால் பிழைத்த அந்த அணி, 2021 இறுதிப் போட்டியில் நம்மையே 74 புள்ளிகளில் தோற்கடித்தது. ஆகவே வாக்கு எப்போதும் சரியான பக்கம் விழும் என்று நான் வாதாட வரவில்லை. கேட்கப்பட்டு எடுக்கும் தவறான முடிவோடு ஒரு கூட்டம் வாழ்ந்துவிடும். ஃபிட்ஸ்ராய்க்காரர்களுக்கு அந்தத் தவற்றைச் செய்யும் வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை.

உங்கள் குழுவிலிருக்கும் யாருக்காவது கிளப்பின் இயக்குநர்களில் இருவர் பெயராவது தெரியுமா? டிராஃப்ட்டில் எடுத்த பதினெட்டு வயதுப் பையனின் உயரமும் ஓட்ட வேகமும் உங்களுக்கு மனப்பாடம். அவன் தேறாவிட்டால் என்ன திட்டுவது என்பதும் இப்போதே தயாராக இருக்கும். ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தபோது அதைத் திறந்தீர்களா? உங்களைப் போன்று இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்குப் புறநகர்களுக்கு வந்தவர்களைப் பொதுக்கூட்டத்தில் காண்பது அரிது. நாம் மைதானத்துக்குப் போகிறோம், பொரித்த உருளைக்கிழங்கு வாங்குகிறோம், கழுத்துத் துண்டு வாங்குகிறோம், வீட்டுக்கு வந்துவிடுகிறோம். விருந்தாளியாகவே இருந்துவிடுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதியைத்தான் உங்கள் நண்பர் சிக்கனம் என்கிறார்.

மார்ச்சுக்கு முன் சந்தாவைப் புதுப்பித்துவிடுங்கள். எல்லா வகை அட்டைக்கும் வாக்குரிமை இராது. வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டார்னீட்டில் ரயில் ஏறினால் மாறாமலே சதர்ன் க்ராஸில் இறங்கலாம், அங்கிருந்து நம் அணி ஆடும் டாக்லண்ட்ஸ் மைதானம் நடை தூரம். எனவே மூன்று நான்கு ஆட்டங்கள்தான் முடிகிறது என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. மகனைத் திட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்து நண்பர்கள் எந்தச் சட்டையோ அந்தச் சட்டை, பிள்ளைகள் அப்படித்தான். அவனுக்குக் காலிங்வுட்டின் சிறுவர் அட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அதுவும் உறுப்பினர்களின் கிளப்தான். 2021இல் அதன் உறுப்பினர்கள் சிறப்புப் பொதுக்கூட்டம் கோரிக் கையெழுத்துத் திரட்டி, நிர்வாகக் குழுவை ஆட்டம் காண வைத்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் தலைவர் மாறினார். இந்த விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று எழுத ஒரு புல்டாக்ஸ்காரனாக எனக்கு வயிறு எரிகிறது.