மொரிசியஸ் சைட் வேலை: தம்பிகள் கேட்டதும் நான் சொன்னதும்

இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம்ம ஆட்கள் கேட்டவை. நான் சேஃப்டி ஆபீசர்தான், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அண்ணே, முதல் மாடி உயரத்தில் சாரத்தில் நின்று பூசுகிறோம். ஹார்னஸ் (விழுந்தால் தாங்கும் பாதுகாப்பு வார்) போட்டு, காலடியில் இருக்கும் குழாயில் கொக்கியை மாட்டிவிடுகிறோம். போதும்தானே? (எபென்)

போதாது தம்பி. கணக்குப் போட்டுப் பார். ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு கிட்டத்தட்ட 2 மீட்டர். விழும்போது அந்தக் கயிற்றில் அதிர்வைத் தாங்கும் மடிப்பு பிரிந்து இன்னும் 1 மீட்டர் போல நீளும். முதுகு வளையத்திலிருந்து உன் பாதம் வரை ஒன்றரை மீட்டர். ஆக, இதுவே நாலரை மீட்டர். பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 5 மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், நீ நிற்பதோ 3, மூன்றரை மீட்டர் உயரத்தில். கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். அந்த உயரத்தில் உன்னைக் காப்பது இடுப்பளவுக் கைப்பிடிக் குழாயும் சந்து விடாமல் போட்ட பலகையும்தான், அது இல்லாத சாரத்தில் ஏறாதே. மேல் மாடிகளில் தலைக்கு மேலே உறுதியான இடமாகப் பார்த்து மாட்டு. ஒரு தடவை ஆளைத் தாங்கிய ஹார்னஸை வெட்டி எறியச் சொல், பார்க்கப் புதுசாக இருந்தாலும் சரி. அப்புறம் ஒன்று: அந்தரத்தில் அசையாமல் தொங்குகிறவனுக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் காலையிலேயே ஃபோர்மேனிடம், “நான் தொங்கினால் எப்படி இறக்குவீர்கள்?” என்று கேட்டு வை. அவர் திருதிருவென விழித்தால் உனக்கே புரிந்துவிடும்.

கான்கிரீட் போடும்போது பூட்ஸுக்குள் சிமெண்ட் பால் இறங்கிவிட்டது. வலிக்கவில்லை, விட்டுவிட்டேன். ராத்திரி பார்த்தால் தோல் கறுத்து உரிகிறது.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ஈர சிமெண்டின் காரம் 12, 13 பிஎச் வரை போகும், வலி தெரியாமலே மணிக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டு போகும். இனிமேல் சிமெண்ட் பால் உள்ளே இறங்கிய உடனே பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

பழைய ஈடிசி காலனி வீட்டைப் பெரிதாக்கும் வேலை, சுவரை டிரில் பண்ணச் சொல்கிறார் மேஸ்திரி.

கையை எடு. 1960இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல் அடித்து வீடெல்லாம் போன பிறகு கட்டிய அந்தக் காலனி வீடுகளில் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உண்டு. சும்மா இருக்கிற வரை பெரிய தொந்தரவு இல்லை. துளைத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கிவிடும், நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். முகத்தில் கட்டிய துண்டு இதற்கு ஒன்றுமே செய்யாது. அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள்தான் கழற்ற வேண்டும்.

காவடிக்கு விரதம் இருக்கிறேன் அண்ணா. வேலைக்குப் போகலாமா?

போகலாம், தண்ணீரை மட்டும் விரதத்தில் சேர்க்காதே. தைப்பூசம் வருவது இங்கே கடும் கோடையில். கால் மணிக்கொரு தடவை ஒரு டம்ளர் குடி. கம்பி கட்டும் தளம் வேண்டாம், வெயிலில் கம்பியே சுடும், நிழல் வேலையாகக் கேட்டு வாங்கு. கூட வேலை செய்கிறவர்கள் கவனியுங்கள்: பேச்சு குழறி, ஆள் சம்பந்தமில்லாமல் உளறினால் அது களைப்பு இல்லை. நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 114ஐக் கூப்பிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புயல் எச்சரிக்கை எடுத்த மறுநாள் சாரத்தில் ஏறலாமா?

பொறுப்பானவர் கிளாம்ப், கால், பலகை எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

ஹெல்மெட், பூட்ஸுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

பிடிக்கக் கூடாது. 2005 பாதுகாப்புச் சட்டப்படி முதலாளி இலவசமாகத் தர வேண்டியது அது. சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு தொழிலாளர் அமைச்சக அலுவலகத்துக்குப் போங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராக.