சபையின் அடையாளம் கரையாமல் விசுவாசத்தை வெளிப்படையாகப் பேச முடியுமா?

முடியும். தரங்கம்பாடியைப் பாருங்கள்.

1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன் சபை மிஷனரி சீகன்பால்க், தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார். பின்னாளில் அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் இந்துக்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டார்கள். வந்த பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஹாலே நகரில் அவை அச்சாயின. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் நடத்தையைச் சாடும் வரிகளும் அவற்றில் உண்டு. எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். மறுப்பையும் காதுகொடுத்துக் கேட்ட அதே மனிதர்தான் கேள்வி-பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. தன் நம்பிக்கையில் ஒரு வரியையும் அவர் மறைக்கவில்லை.

1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகள் உட்படப் பல சபைகள் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. தரங்கம்பாடி மிஷனின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதில் சேரவில்லை. ஆனாலும் லுத்தரன் சபைகளுக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் இடையே இறையியல் உரையாடல் நடந்தது.

ஆகவே முதலில் உங்கள் சபையாருக்கு ஞானஸ்நானமும் நற்கருணையும் உங்கள் மரபில் ஏன் இப்படி நடக்கின்றன என்று சொல்லிக்கொடுங்கள். அதை அறிந்தவர்கள் அயலாரிடம் தயங்காமல் பேசுவார்கள், பொறுமையாகக் கேட்கவும் செய்வார்கள்.