98.2 சதவீதம் ஒத்துப்போனால் புதிய பாக்டீரியாவா?

கேள்வி: பாம்பனில் வலையில் வந்த கடற்பஞ்சிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்திருக்கிறேன். அதன் 16எஸ் மரபணு வரிசை, தரவுத்தளத்தில் நெருங்கியதோடு 98.2 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. புதிய சிற்றினம் என்று பக்கத்து ஊரான மண்டபத்தின் பெயரைச் சூட்டலாமா?
– எம்.எஸ்சி. மாணவி, ராமநாதபுரம்

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் முதலில் அந்த 98.2 எப்படி வந்தது என்று பாருங்கள். பாக்டீரியாவை இனம் காண ஒப்பிடும் 16எஸ் மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். ஒரு பக்கம் மட்டும் படித்தால் 700, 800 எழுத்துதான் கிடைக்கும், அதிலும் கடைசிப் பகுதியில் பிழை மலிந்திருக்கும். பத்து எழுத்து தவறினாலே ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அதனால் இரு பக்கமும் படித்து முழு வரிசையைச் சேர்த்துவிட்டு, முறைப்படி பெயர் பெற்ற சிற்றினங்களின் மூல மாதிரிகளோடு ஒப்பிடுங்கள். பொதுத் தேடலில் முதலில் வந்து நிற்பது பல நேரம் பெயரே இல்லாத ஏதோ ஒரு வரிசையாக இருக்கும்.

அப்படி ஒப்பிட்டும், புதிய சிற்றினமா என்று பார்க்க வழக்கமாகக் கொள்ளும் எல்லையான 98.7 சதவீதத்துக்குக் கீழே நின்றால், சரி, முழு மரபணுத் தொகுதியைப் படிக்கலாம். நெருங்கிய உறவினரோடு அதன் சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உங்கள் கை வலுவாகிவிடும். 98.7க்கு மேலே போனாலும் மனம் தளர வேண்டாம். விப்ரியோ போன்ற பேரினங்களில் 16எஸ் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்தும் வேறு வேறு சிற்றினங்களாக இருப்பவை உண்டு.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. அது பஞ்சில் குடியிருப்பதுதானா? கடற்பஞ்சு ஓயாமல் கடல்நீரை வடிகட்டிப் பிழைக்கும் உயிர். உள்ளே இருப்பது அதன் இரையாகவோ வழிப்போக்கனாகவோ இருக்கலாம். வலையில் வந்தது என்றால் சேறும் மீன் கோழையும் வேறு ஒட்டியிருக்கும். அடுத்த முறை குறைந்தது மூன்று தனித்தனிப் பஞ்சுகளை எடுத்து, கிருமிநீக்கிய கடல்நீரில் மூன்று தடவை கழுவிவிட்டு அரையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே இடத்துத் தண்ணீரையும் பக்கத்திலேயே வளர்ப்புத் தட்டில் பூசுங்கள். பஞ்சில் ஒரு துண்டை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் அதன் முட்களைப் பார்த்து எந்தப் பஞ்சு என்றும் சொல்லிவிடலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் அங்கே போய் எடுக்காதீர்கள்.

பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். நம் நாட்டில் புனேவிலும் சண்டிகரிலும் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்ப, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முடித்தாக வேண்டும். அந்தக் காகித வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், மண்டபத்தின் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ், ஒளி வீசும் பாக்டீரியா. தனிச் சிற்றினமாகப் பெயர் வாங்கிய அது, பின்னாளில் லியோக்னாதி என்ற சிற்றினத்தின் துணையினமாக மாற்றப்பட்டது. உங்கள் பாக்டீரியா வேறு பேரினம் என்றால் அதே பெயரைச் சூட்டத் தடையில்லை. அதுவரை வளர்ப்பைக் கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் இன்றைக்கே வைத்துவிடுங்கள்.