பதினெட்டு வயதுக்குப் பிறகு யார் துணை? ஜூனியர் டென்னிஸ்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பகுதிப் பெற்றோரும் இளம் ஆட்டக்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, ஜூனியர்களுக்கு நெடுங்காலமாகப் பயிற்சி அளித்துவரும் புதுச்சேரிப் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): என் மகனுக்கு ஒன்பது வயது. பயிற்சியாளர் ஆரஞ்சுப் பந்தில், சிறிய கோர்ட்டில்தான் ஆட விடுகிறார். இதனால் மற்ற பிள்ளைகளைவிடப் பின்தங்கிவிட மாட்டானா?

பதில்: அவர் சரியாகவே செய்கிறார், ஐயா. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. ஆரஞ்சுப் பந்தின் வேகம் ஏறத்தாழப் பாதிதான். கோர்ட்டின் நீளமும் 23.77 மீட்டருக்குப் பதிலாக 18 மீட்டர். மஞ்சள் பந்து இந்த வயதுப் பிள்ளையின் தலை உயரத்துக்கு எழும்பும். அதைச் சமாளிக்கப் பிள்ளை பின்வேலியை ஒட்டிப் போய் நின்று, ராக்கெட் பிடியை அளவுக்கு மீறித் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் உயரத் தூக்கிவிட்டே ஜெயிக்கப் பழகிவிடும். பத்து வயதில் அதற்குக் கோப்பை கிடைக்கும். பதினான்கு வயதில் அந்தப் பிடியை மாற்றுவதற்குள் பயிற்சியாளரும் பிள்ளையும் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி (லாஸ்பேட்டை): பதின்மூன்று வயது மகள் தேசியத் தரவரிசையில் முன்னேறி வருகிறாள். பள்ளியை நிறுத்திவிட்டு வாரந்தோறும் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அகில இந்திய டென்னிஸ் சங்கம் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் நடத்தும் போட்டிகளே இப்போதைக்குப் போதுமானவை. சர்வதேச ஜூனியர் போட்டிகளில் பதின்மூன்று வயது நிறைந்த பிறகே ஆட முடியும். அவை ஜே30இல் தொடங்கி ஜே500 வரை படிப்படியாக உயர்கின்றன. ஜே30 பட்டம் வென்றால் 30 புள்ளிகள். தரவரிசைக்கு ஒற்றையரில் சிறந்த ஆறு முடிவுகளும், இரட்டையரில் சிறந்த ஆறு முடிவுகளின் கால் பங்கும் மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், ஊர் ஊராக ஓடிப் புள்ளி பொறுக்குவதில் பெரிய பயன் இல்லை. மாறாக, 4-5 என்ற நிலையில், 30-40இல், அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் செட்டே போய்விடும் என்ற கட்டத்தில், அவள் இரண்டாவது சர்வை எப்படிப் போடுகிறாள் என்று கவனியுங்கள். பந்தை வெறுமனே தள்ளிவிடுகிறாள் என்றால் அவளுக்கு வேண்டியது இன்னொரு போட்டி அல்ல, ஆறு வாரப் பயிற்சி.

கேள்வி (நெய்வேலி): ஜூனியர் அளவில் நாம் பட்டங்கள் வென்றிருக்கிறோம். ஒற்றையர் ஆட்டத்தில் அடுத்த நிலைக்கு ஏன் தொடர்ந்து ஆட்கள் வருவதில்லை?

பதில்: என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் கேள்வி இது. விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை ராமநாதன் கிருஷ்ணன் 1954இலும், ரமேஷ் கிருஷ்ணன் 1979இலும், லியாண்டர் பயஸ் 1990இலும் வென்றார்கள். 2009இல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் யூகி பாம்ப்ரிக்குக் கிடைத்தது. ஆக, திறமைக்குப் பஞ்சமில்லை. பதினெட்டு வயதோடு ஜூனியர் வாய்ப்புகள் முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு ஆட வேண்டியது, தொழில்முறை ஆட்டத்தின் முதல் படியான, 15,000 டாலர் மொத்தப் பரிசுள்ள எம்15 போட்டிகள். அங்கே ஒற்றையர் சாம்பியனுக்கே 2,160 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளருக்கான செலவு எல்லாம் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. பிரான்சில் ரோலண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓபன்) வருமானமும், பிரிட்டனில் விம்பிள்டன் உபரியும் ஆட்டக்காரர்களை வளர்க்கச் செலவாகின்றன. நமக்கு அப்படி ஓர் ஊற்று இல்லை. சென்னையில் 1997 முதல் நடந்துவந்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) போட்டிகூட 2017க்குப் பிறகு புனேக்குப் போய்விட்டது.

இத்தாலியைப் பாருங்கள். அங்குள்ள கூட்டமைப்பு, பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மையத்தில் அடைத்துவைக்காமல், அவரவர் சொந்தப் பயிற்சியாளரிடமே இருக்க விட்டு, உடற்பயிற்சி நிபுணர், பயண உதவி ஆகியவற்றைத் தான் தந்தது. ஏடிபி போட்டிகளுக்கு அடுத்த கீழ்ப்படியான சேலஞ்சர் போட்டிகளையும் உள்நாட்டிலேயே ஏராளமாக நடத்தியது. ஜூனியர் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் ஒருபோதும் வராத யானிக் சின்னர், 2019இல் பெர்கமோவில் வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்கும் அமைப்பாளர்கள் தரும் அனுமதி) பெற்று ஆடி, பதினேழு வயதிலேயே சேலஞ்சர் பட்டம் வென்றார். ரயிலேறிப் போய் ஆடும் தூரத்தில் போட்டிகள் இருந்ததால் தோல்விகூட அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாயிற்று. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளும், நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பை இத்தாலிக்குப் போனதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. ஆகவே, எந்தத் திட்டத்தையும், எந்த அகாடமியையும் பதினான்கு வயதுக் கோப்பைகளைக் கொண்டு மதிப்பிடாதீர்கள். அங்கிருந்து பதினெட்டு வயதில் வெளியேறியவர்கள் இருபத்திரண்டில் எங்கே ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (காலாப்பட்டு): அமெரிக்கக் கல்லூரிக்குப் போனால் ஆட்டம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: தவறான எண்ணம். சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்ற பிறகே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக டேவிஸ் கோப்பையில் அறிமுகமாகி வென்றார். நான்கு ஆண்டுக் கோர்ட்டும் பயிற்சியாளரும் உதவித்தொகையில் கிடைக்கும்போது, நடுத்தரக் குடும்பம் மறுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (தேவனாம்பட்டினம்): பிற்பகலில் கடற்காற்று பலமாக அடிக்கிறது. பயிற்சியைக் காலைக்கே மாற்றிவிடலாமா?

பதில்: முழுவதும் மாற்ற வேண்டாம், தம்பி. வாரத்தில் இரண்டு நாளாவது காற்றிலேயே ஆடு. சர்வ் போடும்போது பந்தைத் தாழ்வாகத் தூக்கு, காலைச் சிறு சிறு அடியாக வைத்துப் பந்தை நெருங்கு, கோட்டை ஒட்டி அடிக்காமல் ஒரு முழம் உள்ளே குறிவை. போட்டி நாளில் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.