வாசகர் கேள்வி – பதில்: சுடருக்கு மேலே எழும் சூட்டுக் காற்று

வயலில் வைக்கோல் எரியும்போது அப்பாலுள்ள பனைகள் நெளிகின்றன. அந்தச் சூட்டுக் காற்றை முப்பரிமாணத்தில் படமாக்கலாமாம். பாடசாலையில் ஒரே கமராவால் முடியுமா?
– உயர்தர பௌதிகவியல் ஆசிரியை, கிளிநொச்சி

முடியும். பனை நெளிவதை அளந்தாலே போதும். பனைக்குப் பதிலாகப் புள்ளித் தாள். முறிவுச்சுட்டி என்பது வெற்றிடத்தைவிட ஒரு பொருளில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்ற எண். அது இடத்துக்கு இடம் மாறினால் ஒளி வளையும். 30 பாகை செல்சியஸ் காற்றில் அது ஏறத்தாழ 1.00026. 600 பாகையில் அடர்த்தி மூன்றிலொன்றாகும். ஒன்றுக்கு மேலுள்ள அந்தத் துளியும் அப்படியே குறையும். மெழுகுதிரிக்கு மேலே ஒளி வளைவது ஒரு மீற்றருக்கு 0.4 மில்லிமீற்றர் அளவே. ஆனாலும் அது கமராவுக்கு அகப்படும்.

ஏ3 தாளில் 0.4 மில்லிமீற்றர் கரும்புள்ளிகளை ஒழுங்கில்லாமல் சிதறவிட்டு அச்சடியுங்கள். படத்தில் ஒரு புள்ளி நாலைந்து பிக்சல் வரவேண்டும். பளபளக்கும் தாள் வேண்டாம். தாளுக்கு ஒரு மீற்றர் முன்னால் சுடர், அதற்கு ஒன்றரை மீற்றர் முன்னால் கமரா. குவியம் தாளில்தான், வில்லையின் துவாரம் எஃப்16 என்ற சிறிய அளவில். சுடர் சற்று மங்கும், பரவாயில்லை. சுடர் இல்லாமல் ஒரு படம், ஏற்றிய பின் இன்னொன்று. புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்பதை ஓப்பன்பிஐவி என்ற இலவச மென்பொருள் கணித்துத் தரும். மஞ்சள் வெளிச்சம் புள்ளிகளை விழுங்கினால் படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பதிவுகளில் நீலத்தை மட்டும் எடுங்கள். கைத்தொலைபேசியில் படநடுக்கத் தடுப்பை நிறுத்தாவிட்டால், அதுவே புள்ளிகளை நகர்த்தி உங்களை ஏமாற்றிவிடும்.

இனி மூன்றாவது பரிமாணம். பல கோணப் படங்களிலிருந்து உள்ளிருப்பதைக் கண்டுபிடிக்கும் சி.ரி. ஸ்கானின் கணக்குத்தான், 1917இல் கணிதவியலாளர் ராடோன் தந்தது. சுழல்தட்டில் இரண்டு மெழுகுதிரிகளை 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் நிறுத்தி, 15 பாகை வீதம் திருப்பிப் பன்னிரண்டு கோணங்களில் எடுங்கள். திருப்பியதும் ஒரு நிமிடம் பொறுங்கள். கோணத்துக்கு இருபது படம். படங்களைச் சராசரியாக்க வேண்டாம், புள்ளிகளின் நகர்வைச் சராசரியாக்குங்கள். திரி எரிய எரியக் குள்ளமாகும். ஆகவே உயரத்தைத் திரி நுனியிலிருந்தே அளவுங்கள்.

இங்கே பெரிய எதிரி தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் அறைக் காற்றே கலங்கிவிடும். விடியற்காலையில், ஃபானை நிறுத்தி, கதவைச் சாத்திச் செய்யுங்கள். பிள்ளைகள் சுடருக்கு அருகில் நின்று பேசக்கூடாது. மூச்சுக் காற்றும் படத்தில் விழும்.

நாலு திரியை ஒன்றாகக் கட்டி எரித்தால்?
– மாணவன், முல்லைத்தீவு

சுடர் வினாடிக்குப் பத்துத் தடவை அளவில் துடிக்கும். சுழற்றி எடுக்கும் முறைக்கு அது ஆகாது. அடுத்த கோணத்தில் எடுக்கும்போது சுடரின் வடிவமே வேறு. சுற்றிவரப் பல கமராக்கள் ஒரே கணத்தில் எடுக்க வேண்டும்.

இதிலிருந்து வெப்பநிலை கிடைக்குமா?
– வவுனியா வாசகர்

சுடருக்கு மேலே எழும் காற்றில் கிடைக்கும். முறிவுச்சுட்டியிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து வெப்பநிலை. படத்தின் இரு ஓரங்களிலும் சூடேறாத அறைக் காற்று இருப்பது கட்டாயம். கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். சுடருக்குள்ளே வாயுக்களின் கலவையே மாறிவிடுவதால் அங்கே வரும் எண்ணை நம்ப வேண்டாம். சரிபார்க்க, திரிக்கு 10 சென்ரிமீற்றர் மேலே மெல்லிய வெப்பவிணை (இரு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை உணரி) ஒன்றைப் பிடியுங்கள். தன் சூட்டைக் கதிர்வீசி இழப்பதால் அது உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும்.