புதிய யோசனைகளும் நடக்கும் தொழிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். அடிக்கடி புதிய தொழில் யோசனைகள் தோன்றுவதால், கையில் இருக்கும் வேலையில் மனம் ஒட்டுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: யோசனைகளைத் தடுக்க முயல வேண்டாம், அவை எப்போது தோன்றுகின்றன என்று கவனியுங்கள். நிலுவைத் தொகையை வசூலிப்பது, பழைய வாடிக்கையாளரின் புகாரைத் தீர்ப்பது, விலகிய ஊழியருக்குப் பதிலாக ஆள் தேடுவது போன்ற சலிப்பூட்டும் வேலைகள் குவியும் வாரங்களில்தான் பிற தொழில்கள் மிகுந்த கவர்ச்சியுடன் தெரியும். நடக்கும் தொழிலின் குறைகள் அனைத்தும் கணக்கில் ஏறியிருக்கின்றன. தொடங்காத தொழிலுக்கோ கணக்கே கிடையாது. ஆகவே இரண்டையும் மனத்திற்குள் ஒப்பிட்டால் புதியதே எப்போதும் வெல்லும். யோசனையைத் தேதியுடன் குறித்து வையுங்கள். அதை யார் பணம் கொடுத்து வாங்குவார், இப்போது அந்தத் தேவையை எப்படிச் சமாளிக்கிறார், முதல் விற்பனைக்கு உங்கள் நேரம் எவ்வளவு வேண்டும் என்பவற்றையும் எழுதி, மூன்று மாதம் கழித்துப் படியுங்கள். பெரும்பாலானவை அதற்குள் உங்களுக்கே அலுத்திருக்கும்.

கேள்வி: ஒரே தொழிலை நம்பியிருப்பது ஆபத்து, இன்னொன்றையும் தொடங்கலாம் என்கிறார் என் பங்குதாரர். அது சரிதானே?

பதில்: பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடுவது முதலீட்டாளருக்கு நல்ல விதி; ஏனெனில் அவர் அந்த நிறுவனங்களை நடத்த வேண்டியதில்லை. நீங்களோ நடத்த வேண்டியவர். பணத்தைக் கடனாகப் பெறலாம், கவனத்தைப் பெற முடியாது. 1997 நிதியாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நட்டமடைந்த ஆப்பிள் நிறுவனத்தில், திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் ஏராளமான கணினி வகைகளை நீக்கிவிட்டு, பொதுப் பயனாளருக்கும் தொழில்முறைப் பயனாளருக்கும் தலா ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி என நான்கே வகைகளில் நிறுவனத்தை நிறுத்தினார். அடுத்த நிதியாண்டில் லாபம் வந்தது. (ஆட்குறைப்பும் மைக்ரோசாஃப்ட் இட்ட 15 கோடி டாலர் முதலீடும் அந்தக் கதையில் உண்டு என்பதை மறக்கக் கூடாது.) மாறாக, 1995இல் புத்தக விற்பனையைத் தொடங்கிய அமேசான் 1998இல் இசைத் தட்டுகளுக்கு விரிந்தது, அங்கே வாடிக்கையாளரும் இணையதளமும் அனுப்பும் முறையும் ஏற்கெனவே இருந்தவையே. இருப்பவற்றைப் பயன்படுத்தும் விரிவு வேறு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டிய இரண்டாம் தொழில் வேறு.

உங்கள் பங்குதாரரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதி வருமானம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானால் அது மெய்யான ஆபத்துதான். ஆனால் அதற்கான மருந்து மேலும் சில வாடிக்கையாளர்களே அன்றி, மற்றொரு தொழில் அன்று.

கேள்வி: உண்மையிலேயே மாற வேண்டிய நேரத்தை எப்படி அறிவது?

பதில்: இதுவரை செலவழித்ததை ஒதுக்கிவிட்டு, இன்று புதிதாகத் தொடங்குவதானால் இதே தொழிலைத் தேர்ந்தெடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தேதிக்குள் எத்தனை வாடிக்கையாளர் சேராவிட்டால் நிறுத்துவது என்பதையும் நிதானமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். டைனி ஸ்பெக் நிறுவனம் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை 2012இல் மூடியது. அதை உருவாக்குகையில் தம் குழுவுக்குள் பயன்படுத்திய உரையாடல் கருவியைத்தான் 2013இல் ஸ்லாக் என அறிமுகப்படுத்தியது. மாறியதை மட்டும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். பழையதை மூடிய பிறகே புதியதில் இறங்கியதும், அந்தப் புதியது அன்றாடப் பயன்பாட்டில் தேறியிருந்ததும் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன.

கேள்வி: நான் புதிய திட்டம் சொன்னாலே என் குழுவினர் சோர்ந்துவிடுகிறார்கள். ஆர்வக் குறைவா?

பதில்: அப்படித் தோன்றவில்லை. முதலாளி உரக்கச் சிந்திப்பது ஊழியரின் காதில் உத்தரவாகவே விழும். வெறும் யோசனையானால் அப்படியே சொல்லிவிடுங்கள். வேலையாகவே கொடுப்பதானால், அதற்காக இப்போதுள்ள எந்த வேலையை நிறுத்தலாம் என்பதையும் அதே கூட்டத்தில் நீங்களே அறிவியுங்கள்.